யாரும் கேட்காத பதின்மூன்றாம் பாகம்

மணி மூன்று ஆனதும் அண்ணி சலவைக்கடையின் இரண்டு வாஷிங் மெஷின்களையும் நிறுத்திவிடுவாள். அழுக்குத்துணி மலையாகக் குவிந்து கிடந்தாலும் சரி, வாசலில் யார் வந்து நின்று கத்தினாலும் சரி, மூன்றிலிருந்து மூன்றரை வரை மெஷின் ஓடாது. இஸ்திரிப் பெட்டிக்கு மட்டும் அனுமதி உண்டு. அது சத்தமே போடாது. போட்டாலும் கோபத்தை அடக்கிக்கொண்டு மூச்சு விடுகிற மாதிரி ஒரு சீறல், அவ்வளவுதான்.

"அண்ணி, போனை எடுங்க. மூணு ஆயிடுச்சு" என்பாள் சுருட்டை.

"இன்னும் ஒரு நிமிஷம் இருக்குடி."

"உங்க கடிகாரம் ஸ்லோ."

சுருட்டை என்பது அவள் தலைமுடிக்கு வந்த பெயர். எத்தனை கொண்டை ஊசி குத்தினாலும் அடங்காத முடி. முப்பத்தெட்டு வயதாகியும் பெற்ற தாயிலிருந்து பால்காரர் வரை எல்லாருக்கும் அவள் சுருட்டைதான். அண்ணன் லாரியோடு கிளம்பினால் பத்து நாள் கழித்துத்தான் முகத்தைக் காட்டுவான். ஆகவே கடை அண்ணியும் நாத்தனாரும் நடத்துகிற கடை. துவைப்பது அண்ணி, தேய்ப்பது சுருட்டை. சண்டை போடுவது இருவரும்.

அந்த மாதம் அவர்களைப் பிடித்து ஆட்டியது ஒரு ரேடியோ நாடகம். பதினோராம் நம்பர் சுரங்கத்தில் நடக்கிற துப்பறியும் கதை. வாரம் ஒன்றாகப் பதின்மூன்று பாகம். நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஒலிபரப்பானது. யாரோ ஒரு புண்ணியவான் அந்தக் காலத்தில் தன் வீட்டு ரேடியோவுக்கு எதிரே டேப்ரிக்கார்டரை வைத்துப் பதிவு செய்து, இப்போது இணையத்தில் போட்டிருந்தான். அவன் வீட்டுச் சத்தமும் சேர்ந்தே பதிவாகியிருந்தது. மூன்றாம் பாகத்தில் இருட்டுக்குள் ஒருவன் இன்னொருவன் கழுத்தை நெரிக்கும்போது, "ஏங்க, குழாயை மூடினீங்களா இல்லையா?" என்று ஒரு பெண் குரல் கேட்கும். முதல் தடவை கேட்டபோது சுருட்டை அதையும் ஒரு தடயம் என்றே நினைத்தாள்.

ஒரு நாளைக்கு ஒரு பாகம்தான் என்பது அண்ணி போட்ட சட்டம். சுருட்டை திருட்டுத்தனமாக அடுத்ததைக் கேட்டுவிடுவாளோ என்று போனை இடுப்பில் செருகிக்கொண்டே துவைப்பாள். ஐந்தாம் பாகம் டாக்டரின் கையில் ரத்தக்கறையோடு முடிந்த நாளன்று சுருட்டை கெஞ்சாத கெஞ்சல் இல்லை. அண்ணி அசையவில்லை. ஆனால் அன்று சாயந்தரம் அவளே நீலத் துணியோடு வெள்ளைத் துணியைப் போட்டுத் துவைத்தாள் என்றால், அவள் மனசு எங்கே இருந்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

கதை இதுதான். சுரங்க முதலாளி தனியாக லிஃப்டில் கீழே போகிறார். அந்த லிஃப்டுக்கு மணிக் கயிறு உண்டு: ஒரு மணி அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் இறக்கு, மூன்று அடித்தால் ஏற்று. அடியிலிருந்து மூன்று மணி கேட்கிறது. லிஃப்ட் மேலே வருகிறது. கதவைத் திறந்தால் முதுகில் கத்தியோடு முதலாளி கிடக்கிறார். கூட ஆள் இல்லை. கொன்றது யார்? கேட்ட கேள்விக்கெல்லாம் இருமுகிற டாக்டரா? அழும்போதுகூட அழகாக அழுகிற மனைவியா? சொல்லவந்ததைப் பாதியில் விழுங்குகிற லிஃப்ட்காரனா? துப்பறிவாளருக்குச் சுரங்கத்தின் வரைபடத்தை விரித்துக் காட்டி, வழிகாட்டி, உதவியாக இருந்தவர் நில அளவையாளர். "எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் சார், கோடு மட்டும் நேரா இருக்கணும்" என்று அடிக்கொரு தரம் சொல்லும் நல்ல மனிதர். அவரும் ஒன்பதாம் பாகத்தில் ஆழமான குழிக்குள் விழுந்துவிடுகிறார். அந்த அலறலும், வெகுநேரம் கழித்துக் கேட்ட 'தொப்'பென்ற தண்ணீர்ச் சத்தமும் சுருட்டையின் கையைத் தடுமாற வைத்ததில் ஒரு காலர் கருகியது.

பக்கத்து மருந்துக்கடைக்காரரும் நாலாம் பாகத்திலிருந்து சேர்ந்துகொண்டார். மூன்று மணிக்கு, 'இதோ வருகிறேன்' என்ற அட்டையைத் தன் கடையில் தொங்கவிட்டு, இங்கே துணிமூட்டை மேல் வந்து உட்கார்ந்துவிடுவார். மூன்று பேர், மூன்று கட்சி. அண்ணிக்கு டாக்டர் மேல் சந்தேகம். மருந்துக்கடைக்காரர், டாக்டர்கள் அப்படிச் செய்யமாட்டார்கள் என்று தொழில் பாசத்தில் வாதாடி, பழியை மனைவி மேல் போட்டார். சுருட்டை சொன்னது லிஃப்ட்காரன். அவளுக்கு ஒரு காரணமும் இருந்தது.

"முதல் பாகத்துல லிஃப்ட் மேல வருதுல்ல? சங்கிலி கடகடன்னு ஓடிட்டே இருக்கு. நடுவுல ஒரு செகண்ட் நிக்குது. அப்புறம் மறுபடி ஓடுது. நான் அஞ்சு தடவ கேட்டுட்டேன். லிஃப்டை நிறுத்தினது யாரு? லிஃப்ட்காரன்தானே?"

"டேப் சிக்கியிருக்கும்டி" என்றாள் அண்ணி.

"பதிவு பண்ணவர் தும்மியிருப்பார்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"நாள் முழுக்க மெஷின் பக்கத்துலயே நிக்கிறேன். சத்தம் நிக்கிறதுக்கும் தும்முறதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?"

தோற்ற இரண்டு பேரும் ஜெயித்தவர் வாசலை ஒரு மாதம் பெருக்க வேண்டும் என்று பந்தயம் ஆயிற்று.

பதின்மூன்றாம் பாகம் வந்தது. அன்று அண்ணி ஷட்டரையே பாதி இறக்கிவிட்டாள். டாக்டர், மனைவி, லிஃப்ட்காரன் மூன்று பேரையும் காணோம். மூன்று பேரும் சுரங்கத்துக்குள் எங்கேயோ இருக்கிறார்கள். துப்பறிவாளர் மேலே நின்று சொல்கிறார்: "ஆறு மணிக்கு இந்தச் சுரங்கம் வெடிவைத்து மூடப்படும் என்று சங்கு ஊதச் சொல்லிவிட்டேன். உள்ளே இருப்பவர் வெளியே வந்தே ஆக வேண்டும். இப்போது மணிக் கயிற்றை இழுப்பவர் யாரோ, அவரே கொலையாளி." காற்றுச் சத்தம். தண்ணீர் சொட்டும் சத்தம். டிங். சுருட்டை மூச்சை நிறுத்தினாள். டிங்.

பிறகு 'உஷ்ஷ்ஷ்' என்ற இரைச்சல். அது முடிகிற வழியாக இல்லை. அண்ணி போனைத் தட்டினாள், உலுக்கினாள், காதில் வைத்துப் பார்த்தாள். இரைச்சலுக்கு நடுவே அந்தப் புண்ணியவானின் குரல் மட்டும், "அட கடவுளே, ஸ்டேஷன் போயிடுச்சே!" என்றது. அத்தோடு பதிவு முடிந்தது.

அன்று யாருக்கும் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. மருந்துக்கடைக்காரர் தலைவலி மாத்திரை கேட்டவருக்கு இருமல் மருந்தைக் கொடுத்தனுப்பி, பின்னாலேயே ஓடிப்போய் மாற்றிக் கொடுத்தார். அண்ணி இரவல் கண்ணாடி போட்டுக்கொண்டு இணையத்தில் தேடினாள். அதே டேப், அதே இரைச்சல். கீழே முப்பது பேர், முடிவு என்ன, முடிவு என்ன என்று எழுதியிருந்தார்கள். பதில் சொன்னவர் ஒருவரும் இல்லை.

இது நடந்து நான்காம் நாள் காலை. சுருட்டை வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கோட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். யாரோ வந்து அண்ணியிடம் துணிகளை எண்ணி வைப்பது காதில் விழுந்தது.

"ஆறு சட்டை. எல்லாம் வெள்ளை. கஞ்சி வேண்டாம்மா. மடிப்பு மட்டும் நேரா இருக்கணும்."

சுருட்டையின் கை அப்படியே நின்றது. கனமான, கொஞ்சம் மூக்கில் உரசி வருகிற குரல். 'நேரா' என்பதில் அந்த ஒரு இழுப்பு. இந்தக் குரல் குழிக்குள் விழுந்து செத்ததை அவள் காதால் கேட்டிருக்கிறாள்!

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு மெல்லத் திரும்பினாள். எழுபதுக்குப் பக்கத்தில் வயது, வழுக்கை, ஒல்லி, தோளில் தொங்கும் துணிப்பை. இந்தத் தெருவுக்குப் புதியவர்.

"சார்," என்றாள். "'கோடு மட்டும் நேரா இருக்கணும்'னு ஒரு தடவ சொல்லுங்க."

அவர் முகம் மாறியது. யாரோ பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி. "நீ... நீ எங்கேம்மா இதைக் கேட்ட? நீ பொறந்தே இருக்கமாட்டியே!"

"அண்ணி! நில அளவையாளர்! செத்துப்போனாரே, அவரு! நம்ம கடைக்கு வந்திருக்காரு!"

அண்ணி எண்ணிக்கொண்டிருந்த சட்டைகள் தரையில் விழுந்தன. அவள் போட்ட கூச்சலில் மருந்துக்கடைக்காரர் ஓடிவந்தார், கையில் மாத்திரை அட்டையும் கத்தரிக்கோலுமாக. மூன்று பேரும் அவரைச் சூழ்ந்துகொண்டு ஒரே குரலில் கேட்டார்கள்: "கொன்னது யாரு?"

அவர் ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு துணிமூட்டை மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியாதும்மா."

"தெரியாதா?"

"நான் ஒன்பதாம் வாரமே செத்துட்டேன். அந்த வாரமே எனக்கு வெளியூர்ல குடிநீர் ஆபீஸ்ல வேலை கிடைச்சுப் போயிட்டேன். கடைசி வாரம் அங்க ஒரு டீக்கடை ரேடியோவுல காதை ஒட்டவெச்சிட்டு நின்னேன். ரெண்டு மணி அடிச்சுது. அப்புறம்..."

"உஷ்ஷ்ஷ்" என்றாள் சுருட்டை. "நாலு நாளா எங்க காதுல அதுதான் சார்."

"அதேதான். உங்களுக்கு நாலு நாள்தானே ஆச்சு? நான் நாப்பது வருஷமா அந்த ரெண்டு மணியோட உக்காந்திருக்கேன்."

நாடகத்தை எழுதினவரை அவர் பின்னால் ஒரே ஒரு முறை ரயில் நிலையத்தில் பார்த்தாராம். கேட்டதற்கு அந்த மனிதர் சிரித்துவிட்டு வண்டி ஏறிவிட்டாராம். அவரும் இப்போது உயிரோடு இல்லை. நடித்தவர்களில் யார் எங்கே என்று வெள்ளைச்சட்டைக்காரருக்குத் தெரியாது. முதலாளியின் மனைவியாக நடித்தவர் வானொலி நிலையத்தில் டைப்பிஸ்டாக இருந்தவர். இந்த ஊர்க் கண்ணாடிக்கடைக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டார் என்று காதில் விழுந்ததோடு சரி.

"எந்தக் கண்ணாடி? முகம் பார்க்கிறதா, மூக்குல மாட்டுறதா?" என்று கேட்டாள் சுருட்டை.

"மூக்குல மாட்டுறது."

அவ்வளவு போதும். அண்ணி மெஷின்களின் சுவிட்சை அணைத்தாள். இந்தத் தடவை மணி மூன்றல்ல, காலை பத்தரை. சுருட்டையும் வெள்ளைச்சட்டைக்காரரும் கிளம்பினார்கள். ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடைகள் ஒன்பது இருந்தன. முதல் கடையில் இரண்டு இளைஞர்கள். இரண்டாவதில் பூட்டு. மூன்றாவது கடைக்காரர், என்ன ஏது என்று கேட்பதற்குள் வெள்ளைச்சட்டைக்காரரை எழுத்துப்பலகைக்கு முன்னால் உட்காரவைத்து ஒரு கண்ணைப் பொத்திவிட்டார். நாலாவது, ஐந்தாவது. வெயிலில் அவருக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் சுருட்டைக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தவர் அவர்தான்.

ஆறாவது கடையில், கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்ட ஓர் அம்மா ஒரு ஃப்ரேமின் திருகைத் திருப்பிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். உள்ளே வந்தவரைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"என்ன, செத்தவர் எழுந்து வந்திருக்கீங்க?" என்றார்.

குரல் துருப்பிடித்திருந்தது. ஆனால் அந்த எகத்தாளம் முதலாளியின் மனைவிக்கே உரியது. சுருட்டைக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. தடுக்கித் தடுக்கி நடந்ததையெல்லாம் சொல்லி முடித்து, "அம்மா, மூணாவது மணி அடிச்சுதா?" என்று கேட்டாள்.

"அடிச்சுதாவா? அடிச்சுது, லிஃப்ட் வந்துது, கதவு திறந்துது, எல்லாம் நடந்துது. முழுசா நடிச்சு முடிச்சோம். முடிச்சிட்டு ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சுக் குலுக்கிட்டு, மாலை போடாத குறையா வெளிய வர்றோம். வாசல்ல காவல்காரர் கேட்கிறார், 'என்னங்க, பாதியில நின்னுபோச்சே'ன்னு. மலை மேல இருந்த ஒலிபரப்புக் கோபுரத்துல இடி விழுந்திருக்கு. உள்ள எங்களுக்கு லைட் எரியுது, மைக்ல சிவப்பு விளக்கு எரியுது, எங்களுக்கு எப்படித் தெரியும்? சுவத்துக்குத்தான் நடிச்சிருக்கோம். நேரடி ஒலிபரப்புங்கிறதால அங்க பதிவும் பண்ணி வைக்கல. அடுத்த வாரம் அந்த நேரத்துக்கு வேற நாடகம் வந்துடுச்சு."

"அப்போ யாரும்மா கொலைகாரன்?" வெள்ளைச்சட்டைக்காரர் கவுண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். உதட்டோரம் என்னவோ துடித்தது. "சொல்லமாட்டேன்" என்றார்.

"அம்மா!"

"சும்மா பேர் சொல்லிட்டுப் போறதுக்கா அவ்வளவு பாடுபட்டோம்? ஸ்கிரிப்டை டைப் அடிச்சவ நான். கார்பன் பிரதி என்கிட்ட இருக்கு. உங்க கடையில மைக் இல்லாட்டி பரவாயில்ல, சத்தம் போட என்ன இருக்கு?"

சுருட்டைக்கு மூச்சுவிட நேரமில்லை. "மெஷின் இருக்கும்மா! பெரிய டிரம். உள்ள நாலு பெல்ட் பக்கிளைப் போட்டா சங்கிலி மாதிரி ஓடும். இரும்பு ஷட்டர் இருக்கு, லிஃப்ட் கதவு! கவுண்டர்ல பித்தளை மணி இருக்கு. தண்ணி சொட்டணும்னா எங்க குழாய் எப்பவுமே சொட்டும்!"

"ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வர்றேன்" என்றார் கண்ணாடிக்கடை அம்மா.

ஞாயிறு வருவதற்குள் தெருவுக்கே செய்தி போய்விட்டது. எப்படிப் போயிற்று என்று அண்ணி அப்பாவியாகக் கேட்டாள். துணி கொடுக்க வந்த ஒருவரையும் அவள் சும்மா விடவில்லை என்பது சுருட்டைக்குத் தெரியும். கேட்டவர்கள் முதல் பன்னிரண்டு பாகங்களையும் இணையத்தில் தேடிப் பிடித்தார்கள். சனிக்கிழமை சாயந்தரம் சுருட்டை தெருவில் நடந்தபோது, ஒரு ஜன்னலில் டாக்டர் இருமினார், அடுத்த ஜன்னலில் மனைவி அழுதாள், மாடியிலிருந்து யாரோ "குழாயை மூடினீங்களா இல்லையா?" என்றார்கள்.

ஞாயிறு நாலு மணிக்குக் கடைக்குள் நாற்பது பேர் இருந்தார்கள். துணிமூட்டைகள் எல்லாம் நாற்காலிகள் ஆகியிருந்தன. கண்ணாடிக்கடை அம்மா ஒரு பழுப்பு உறையிலிருந்து எட்டுத் தாள்களை எடுத்தார். நீல எழுத்து மங்கியிருந்தது. துப்பறிவாளர் வேஷத்தை மருந்துக்கடைக்காரருக்குக் கொடுத்தார். டாக்டர் வேஷம் அண்ணிக்கு. "எனக்கா? நான் சந்தேகப்பட்ட ஆளா?" என்று அண்ணி முறைத்தாள், ஆனாலும் உடனே இருமிப் பார்த்துக்கொண்டாள். மனைவியும் லிஃப்ட்காரனும் அந்த அம்மாவே.

"நான் துப்பறிவாளரா நடிக்கலாம்னு..." என்று இழுத்தார் வெள்ளைச்சட்டைக்காரர். தேய்த்த ஆறு சட்டைகளில் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"உங்களுக்குக் கடைசியில ஒரு வேஷம் இருக்கு." நாலாக மடித்த ஒரே ஒரு தாளை அவர் கையில் வைத்தார் அந்த அம்மா. "நான் கண்ணைக் காட்டும்போது பிரிங்க. அதுக்கு முன்னாடி பிரிச்சீங்க, எந்திரிச்சுப் போயிடுவேன்."

"செத்தவனுக்கு இதுதான் மரியாதையா?" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் ஓர் ஓரமாகப் போய் நின்றார்.

சுருட்டைக்கும் ஒரு தாள் கிடைத்தது. வெறும் சத்தங்களின் பட்டியல். காற்று: இஸ்திரிப் பெட்டியின் சீறல். சொட்டும் தண்ணீர்: குழாய். மணி மூன்று முறை. மீதி வரிகளைப் படிக்க நேரமில்லை.

மருந்துக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார். கடைக்குள் ஊசி விழுந்தால் கேட்கும்.

"இப்போது மணிக் கயிற்றை இழுப்பவர் யாரோ, அவரே கொலையாளி."

சுருட்டை இஸ்திரிப் பெட்டியின் பொத்தானை அழுத்தினாள். புஸ்ஸ்ஸ் என்று நீராவி கிளம்பி முன்வரிசையின் முகத்தை மறைத்தது. குழாய் சொட்டியது. டிங். ஒரு குழந்தை அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. டிங்.

பாதி இறக்கியிருந்த ஷட்டருக்கு அடியிலிருந்து ஒரு தலை எட்டிப்பார்த்தது. "என் பேண்ட் ரெடியா?"

"உஷ்ஷ்ஷ்!" நாற்பது பேரும் ஒன்றாகச் சீறினார்கள். வந்தவர் பயந்துபோய் இருந்த இடத்திலேயே குந்திவிட்டார். அன்று அவர் பேண்டைப் பற்றி மறுபடி வாயே திறக்கவில்லை.

டிங்!

மூன்றாவது மணி. நாற்பது வருஷமாக வராத மணி. வெள்ளைச்சட்டைக்காரர் கண்ணை மூடிக்கொண்டதைச் சுருட்டை பார்த்தாள்.

"யாரோ மணி அடித்தார்களே!" அண்ணி இருமிக்கொண்டே வந்தாள். "நான் காற்றோட்டக் குழி வழியாக ஏறி இப்போதுதான் வருகிறேன். அடித்தது நானில்லை."

"என்ன! டாக்டர், நீங்கள் இங்கேயா?"

"நானும் இங்கேதான் இருக்கிறேன்." அந்த அம்மா பேசியதும் குரலில் இருந்த துரு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி அங்கே நின்று விம்மினாள். உடனே குரலைக் கரகரப்பாக்கி, "நானும்தான் ஐயா. கீழே யாருமே இல்லை!" என்றார், அது லிஃப்ட்காரன்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. மூன்று பேரும் மேலே இருக்கிறார்கள். அப்படியானால் மணி அடித்தது யார்?

சுருட்டை மெஷினை ஓடவிட்டாள். பக்கிள்கள் டிரம்முக்குள் உருண்டன. கடகட, கடகட, கடகட. பட்டியலில் அடுத்த வரிக்குக் கண் போனது. *லிஃப்ட் ஏறுகிறது. நடுவில் ஒரு விநாடி நிற்கிறது. முதல் பாகத்தில் நின்றதுபோலவே. மறுபடி ஏறுகிறது.*

டேப் சிக்கவில்லை! யாரும் தும்மவில்லை! நிஜமாகவே நின்றிருக்கிறது! வாய்விட்டுக் கத்த வேண்டும் போலிருந்தது. அண்ணியின் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. நாடகம் நடக்கிறது, ஒன்றும் செய்ய முடியாது. உதட்டைக் கடித்துக்கொண்டு சுவிட்சை அணைத்தாள். டிரம் நின்றது. ஒரு விநாடி. மறுபடி போட்டாள். கடகட, கடகட.

லிஃப்டை நடுவில் நிறுத்த வேண்டுமானால் நடுவில் ஓர் இடம் இருக்க வேண்டும். துப்பறிவாளருக்கு விரித்துக் காட்டிய வரைபடத்தில் அப்படி ஓர் இடம் இல்லை. அப்படியானால் வரைபடத்தை வரைந்தவர்... சுருட்டை திரும்பி, ஓரமாக நின்றவரைப் பார்த்தாள். அவர் ஒன்றும் அறியாமல், மடித்த தாளோடு, மற்றவர்களைப் போலவே வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

கண்ணாடிக்கடை அம்மா கண்ணைக் காட்டினார்.

அவர் தாளைப் பிரித்தார். படித்தார். ஒரு முறை படித்துவிட்டு, நம்பாமல், மறுபடி முதலிலிருந்து படித்தார். நிமிர்ந்து அந்த அம்மாவைப் பார்த்தார்; அவர் தலையை மட்டும் ஆட்டினார். சுருட்டை ஷட்டரைப் பிடித்து முழு பலத்தோடு மேலே தள்ளினாள். கடகடவென்று இரும்பு உருண்டு ஏறியது.

"கதவைத் திறந்து வைத்ததற்கு நன்றி, துப்பறிவாளரே," என்றது அந்தக் கனமான, மூக்கில் உரசும் குரல். "நான் குழிக்குள் எறிந்தது ஒரு பாறாங்கல். அலறியது மட்டும்தான் நான்."

கடையே கூச்சலில் அதிர்ந்தது. "அடப்பாவி!" என்று அண்ணி டாக்டர் வேஷத்தை மறந்து அலறினாள். மருந்துக்கடைக்காரருக்குத் தன் வசனம் மறந்தே போயிற்று. ஆனால் வெள்ளைச்சட்டைக்காரர் நிறுத்தவில்லை. குரல் ஏறிக்கொண்டே போயிற்று. நாலாம் தளத்தில் தங்கம் கிடைத்ததையும், அந்தத் தளத்தையே வரைபடத்திலிருந்து அழித்ததையும், முதலாளி கண்டுபிடித்துவிட்டதால் லிஃப்ட் சங்கிலியில் கொக்கி போட்டு நிறுத்தி ஒரே குத்தில் கதையை முடித்ததையும் சொன்னார். "எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் சார்," என்று கடைசி வரியைப் படித்தபோது அவர் சிரித்த சிரிப்பில், ஷட்டருக்கு அடியில் குந்தியிருந்தவர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். "கோடு மட்டும் நேரா இருக்கணும்!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அவர் தாளை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். கண்ணில் நீர், முகத்தில் பரீட்சையில் முதலாவதாக வந்த பையனின் சிரிப்பு.

"நானாம்மா? நானா கொன்னேன்?"

"முதல் வாரத்துலேருந்தே நீங்கதான். உங்களுக்குச் சொன்னா குரல்ல காட்டிக்கொடுத்துடுவீங்கன்னு எழுதினவர் மறைச்சிட்டார். கடைசி வாரத்துக்கு வரச்சொல்லித் தந்தி அடிச்சோம். நீங்க வரலை."

"எனக்குத் தந்தியே வரலையே!"

"வந்திருக்காது. அப்புறம் எழுதினவரே உங்க குரல்ல பேசினார். சகிக்கல. இடி விழுந்ததும் ஒரு விதத்துல நல்லதுதான்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஒரு கொலையைப் பண்ணிட்டு நாப்பது வருஷமா குடிநீர் ஆபீஸ்ல நல்ல மனுஷன்னு பேர் வாங்கியிருக்கேன் பாருங்க!"

சுருட்டை மருந்துக்கடைக்காரர் முன்னால் போய் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "யாருங்க தும்மினது?"

"நீ லிஃப்ட்காரன்னுதானே சொன்ன? மூணு பேரும் தோத்தோம்" என்றார் அவர்.

"ஆளைத்தான் தப்பாச் சொன்னேன். சத்தத்தைச் சரியாச் சொன்னேனா இல்லையா?"

"சொன்னா, சொன்னா" என்றாள் அண்ணி. நாத்தனாருக்கு அவள் விட்டுக்கொடுத்துப் பேசியதைச் சுருட்டை அதற்கு முன் கேட்டதில்லை. அதை ரசிக்க நேரமில்லாமல் வாசலில் ஒரே தள்ளுமுள்ளு. உள்ளே இடமில்லாமல் தெருவில் நின்றவர்கள், "எங்களுக்கு ஒண்ணும் சரியாக் கேட்கல, யாரு, யாரு?" என்று கத்தினார்கள். உள்ளே இருந்த ஒருவர் பதில் சொல்ல வாயெடுத்தார்.

"பேரைச் சொன்னீங்கன்னா உங்க துணியை இனிமே தொடமாட்டேன்!" என்று அண்ணி அவர் வாயை அடைத்தாள். "உள்ள கேட்டவங்க எல்லாம் வெளிய போங்க. வெளிய இருக்கிறவங்க உள்ள வாங்க. மறுபடி முதல்லேருந்து!"

கண்ணாடிக்கடை அம்மா ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். வெள்ளைச்சட்டைக்காரர் தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து, ஒன்றும் அறியாதவர் முகத்தோடு ஓரத்தில் போய் நின்றுகொண்டார். அந்த முகம் இப்போது கொஞ்சம் அதிகப்படியாகவே அப்பாவியாக இருந்தது. சுருட்டை டிரம்முக்குள் இன்னும் இரண்டு பக்கிள்களைப் போட்டுவிட்டு, ஷட்டரைப் பாதிக்கு இறக்கினாள்.